அடுத்த ஊர்க் கரை

சென்னையில் நான் முதலில் சேர்ந்த வேலைக்குப் பெர்ஃபார்மன்ஸ் டெஸ்டிங் என்று பெயர். ஒரு இணையதளம் மக்கள் கைக்குப் போவதற்கு முன்னால், எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து நின்றால் அது தாங்குமா என்று சோதித்துச் சொல்ல வேண்டும். ஒருவர் வந்தால் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்கத் தனிக் குழு இருந்தது. கூட்டம் வந்தால் என்ன ஆகும் என்பது எங்கள் பாடு.

பொம்மையார்பாளையத்தில் கடல் தொழில் பார்க்கும் குடும்பத்திலிருந்து போனவள் நான். ஊரிலிருந்து ஈசிஆரில் வடக்கே போகும் பஸ், காலாப்பட்டு தாண்டி, மரக்காணம் உப்பளங்களைத் தாண்டிச் சென்னை சேரும். அந்த வழியில் போய்வந்துகொண்டே கற்ற தொழில் இது. பாதி ஓஎம்ஆர் அலுவலகத்தில் கிடைத்தது, மீதி ஊரில் கிடைத்தது. அந்த மீதியைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். ஆனால் முதல் பாதியைச் சொல்லாமல் அது விளங்காது.

என் முதல் லீடு ஒரு கண்டிப்பு வைத்திருந்தார். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஜேமீட்டர், லோட்ரன்னர் போன்ற சோதனைக் கருவிகளை உடனே திறக்கக் கூடாது. முதலில் வெள்ளைத் தாளில் எழுத வேண்டும்: யார் வருவார்கள், எதற்கு வருவார்கள், எப்போது வருவார்கள், வந்தால் எவ்வளவு நேரம் இருப்பார்கள். கருவிக்குள் ஆயிரம் போலிப் பயனாளர்களை உண்டாக்குவது சின்ன வேலை. ஜேமீட்டர் 1998-லிருந்து இலவசமாகவே கிடைக்கிறது. அந்த ஆயிரம் பேர் யார் என்று தெரியாமல் ஓட்டினால் கையில் மிஞ்சுவது ஒரு வரைபடம் மட்டுமே. திட்டத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால், முதல் பக்கத்தில் இருக்கும் எண்ணில் விரலை வைத்து, “இந்த நம்பர் எங்கேர்ந்து வந்துச்சு?” என்று கேட்பார். பதில் இல்லையென்றால் அடுத்த பக்கத்தைப் புரட்ட மாட்டார்.

தேர்வு முடிவு வெளியிடும் தளத்தை வைத்துத்தான் அவர் பாடம் எடுப்பார். தமிழ்நாட்டில் பிளஸ் டூ எழுதுவோர் சுமார் 8 லட்சம் பேர். அதை நாள் முழுக்கப் பரப்பினால் நொடிக்கு ஒன்பது பேர் சொச்சம். ஒரு சாதாரண சர்வரே போதும். ஆனால் முடிவு காலையில் ஒரு குறிப்பிட்ட மணிக்கு வருகிறது. பாதிப் பேர் முதல் பத்து நிமிடத்தில் வந்தால் நொடிக்கு 660-க்கு மேல். பிள்ளை ஒரு போனில் பார்க்கும்போதே மாமா வேறொரு போனில் அதே பதிவெண்ணைப் போட்டுப் பார்க்கிறார், டியூஷன் டீச்சர் தன் பிள்ளைகள் எல்லாருடைய எண்ணையும் வரிசையாகப் போடுகிறார். அப்போது அது மூன்று மடங்கு, நான்கு மடங்கு. “ஒரு நாளைக்கு எத்தனை பேர்னு கேக்காதே. எந்த நிமிஷத்துல எத்தனை பேர்னு கேளு” என்பார்.

பிறகு ஒரு கணக்கைச் சொல்லிக்கொடுத்தார். ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் 1961-ல் நிரூபித்த விதி அது. உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை என்பது நொடிக்கு வருபவர்களை, ஒருவர் உள்ளே இருக்கும் நொடிகளால் பெருக்கினால் கிடைப்பது. நொடிக்கு 600 பேர் வந்து ஒவ்வொருவரும் 3 நொடி இருந்தால், எந்த நேரத்திலும் உள்ளே 1,800 பேர். சர்வர் தடுமாறி 3 நொடி 30 நொடி ஆனால், வாசலில் கூட்டம் கூடாமலே உள்ளே இருப்பவர்கள் 18,000. வந்தவர்கள் அதே ஆட்கள்தான். மெதுவானது மட்டுமே கூட்டத்தைப் பத்து மடங்காக்கிவிடுகிறது. அதற்கும் அரை நூற்றாண்டு முன்பு, 1909-ல், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங், எத்தனை அழைப்புகளுக்கு எத்தனை லைன் வேண்டும் என்று கணக்குப் போடத் தொடங்கியிருந்தார். நாங்கள் செய்வது புதிய வேலை இல்லை, வரிசையில் நிற்பவர்களைப் பற்றிய பழைய கவலைதான் என்று அன்று எனக்குப் புரிந்தது.

கருவிகளின் இயல்பு ஒன்றையும் அவர் எச்சரித்தார். வழக்கமாக எழுதும் ஸ்கிரிப்டில், போலிப் பயனாளர் ஒரு கோரிக்கையை அனுப்பி, பதில் வந்த பிறகுதான் அடுத்ததை அனுப்பும். சர்வர் மெதுவானால் அதுவும் மெதுவாகும். வெளியே உள்ள மனிதர் அப்படி இல்லை. பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தால் ரிஃப்ரெஷ் அழுத்துவார், இன்னொரு போனை எடுப்பார், பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவார். சர்வர் திணறும்போது கருவி சுமையைக் குறைக்கிறது, மனிதர் கூட்டுகிறார். இந்த வித்தியாசத்தைத் திட்டத்தில் எழுதி, சர்வர் எப்படி இருந்தாலும் நொடிக்கு இத்தனை பேர் வந்துகொண்டே இருக்கும்படி ஸ்கிரிப்டை அமைக்காவிட்டால், சோதனை பொய்யான தெம்பைக் கொடுக்கும்.

இப்போதும் கண்ணில் நிற்கும் ஒரு சோதனை இரவு உண்டு. ஒரு பதிவுத் தளம். பகலில் மற்ற குழுக்கள் அந்தச் சர்வர்களில் வேலை செய்வதால் நடுஇரவில்தான் எங்களுக்கு அனுமதி. திரையில் இரண்டு கோடுகள். ஒன்று, நொடிக்கு எத்தனை கோரிக்கைகள் முடிகின்றன என்பது. மற்றது, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பது. ஆட்களைக் கூட்டக் கூட்ட முதல் கோடு ஏறிக்கொண்டே போனது. ஓரிடத்தில் அது படுத்துவிட்டது. நாங்கள் மேலும் ஆட்களைச் சேர்த்தோம். முதல் கோடு அசையவில்லை, இரண்டாவது கோடு செங்குத்தாக ஏறியது. சர்வரின் சிபியு முப்பது சதவீதம்கூட வேலை செய்யவில்லை. மெமரியும் தாராளமாக இருந்தது. தேடியதில், டேட்டாபேஸுக்குப் போகும் இணைப்புகளின் தொகுப்பான கனெக்‌ஷன் பூல் நிரம்பியிருந்தது தெரிந்தது. எல்லாக் கோரிக்கைகளும் அந்த வாசலில் நின்றுகொண்டிருந்தன. பூலின் அளவைக் கூட்டி மறுபடி ஓட்டினோம். கோடு நிமிர்ந்து ஏறியது. அறையில் எல்லாரும் கைதட்டினார்கள். சற்று நேரத்தில் டேட்டாபேஸில் ஒரு டேபிளின் பூட்டுக்காக எல்லாரும் காத்திருக்க ஆரம்பித்தார்கள். அதைச் சரிசெய்தபோது ஓடிபி அனுப்பும் எஸ்எம்எஸ் வழி திணறியது. அது எங்கள் சர்வரே இல்லை. வேறொரு நிறுவனத்தின் கையில் இருந்தது.

விடியும் நேரத்தில் எனக்கு எங்கள் ஊர்க் கரை நினைவுக்கு வந்தது. பாண்டிச்சேரித் துறைமுகத்துக்கு 1980-களின் கடைசியில் கடலுக்குள் கல்சுவர்கள் கட்டினார்கள். இந்தக் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதியும் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும். சுவர் குறுக்கே வந்ததும் மணல் தென்பக்கத்தில் தங்கியது. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. பாண்டிச்சேரி நகரத்தின் கடற்கரை போனது. நகரத்தைக் காக்கக் கல் கொட்டினார்கள், நகரம் தப்பியது. அரிப்பு நிற்கவில்லை, வடக்கே நகர்ந்தது. கோட்டக்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி, எங்கள் பொம்மையார்பாளையம் என்று ஒவ்வொரு குப்பமாகக் கரை குறைந்தது. ஒரு ஊரில் தூண்டில் வளைவு என்ற கல்சுவரைக் கடலுக்குள் போட்டால் அந்த ஊரில் மணல் சேரும், அதற்கு வடக்கே இருக்கும் ஊரில் அலை வீட்டு வாசலுக்கு வரும். வலை உலர்த்திய இடமும் படகு ஏற்றிய இடமும் போன பிறகு அந்த ஊர்க்காரர்களும் தூண்டில் வளைவு கேட்டு ரோட்டில் உட்காருவார்கள். அவர்கள் கேட்பதில் தவறே இல்லை. ஆனால் மணல் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று முழுக் கரையையும் சேர்த்துப் பார்க்காமல் போடும் ஒவ்வொரு கல்லும், ஆபத்தை அடுத்த ஊருக்கு அனுப்புகிற கல்தான்.

சுமையும் அப்படித்தான். ஓரிடத்தில் சரிசெய்தால் அது காணாமல் போவதில்லை, வழியில் அடுத்து இருப்பதன்மேல் போய் விழுகிறது. ஆகவே சோதனைத் திட்டத்தில் முதல் வாசலிலிருந்து கடைசிப் படிவரை முழு வழியும் இருக்க வேண்டும். எஸ்எம்எஸ் நிறுவனம், வங்கி, ஆதார் சரிபார்ப்பு என்று நம் கையில் இல்லாதவையும் அதில் அடங்கும். அமெரிக்காவில் 2013 அக்டோபர் 1-ஆம் தேதி திறக்கப்பட்ட ஹெல்த்கேர்.கவ் என்ற மருத்துவக் காப்பீட்டுத் தளம் இதற்கு உலகறிந்த சாட்சி. கணக்குத் தொடங்கும் முதல் படியிலேயே லட்சக்கணக்கானோர் சிக்கினார்கள். அந்த முதல் நாளில் காப்பீடு எடுத்து முடித்தவர்கள் ஆறே பேர் என்று பின்னால் வெளியான குறிப்புகள் காட்டின. பகுதி பகுதியாகப் பல நிறுவனங்கள் கட்டிய அந்தத் தளத்தை முதலிலிருந்து கடைசிவரை சேர்த்துச் சோதித்தது திறப்புக்கு இரண்டு வாரம் முன்புதான் என்று ஒப்பந்ததாரர்களே நாடாளுமன்றக் குழுவின் முன் சொன்னார்கள். பணமோ திறமையோ குறைந்த இடமில்லை அது. முழு வழியையும் சேர்த்துப் பார்க்க நேரம் ஒதுக்கப்படவில்லை.

இந்த வேலையின் மறுபாதியை ஊரில்தான் கற்றேன் என்றேன். 2020-ல் ஊரடங்கு வந்ததும் லேப்டாப்போடு பொம்மையார்பாளையம் திரும்பினேன். மொட்டை மாடியில் தென்கிழக்கு மூலையில்தான் சிக்னல் நிற்கும். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் குடையும் போட்டுக்கொண்டு வேலை பார்த்தேன். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண் ஊரில் இருக்கிறாள் என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆதார் அட்டையும் கையுமாக மாடிப்படி ஏற ஆரம்பித்தார்கள்.

அடுத்த ஆண்டு, 2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு, 18 வயதைத் தாண்டிய எல்லாருக்கும் கோவின் தளத்தில் தடுப்பூசிப் பதிவு திறந்தது. தொடக்கத்தில் நிமிடத்துக்கு 27 லட்சம் கோரிக்கைகள் என்று அரசே பிறகு அறிவித்தது. நொடிக்கு 45,000. முதல் நாளில் 1.3 கோடிக்கு மேற்பட்டோர் பதிந்தார்கள், 1.45 கோடி எஸ்எம்எஸ்கள் போய்ச் சேர்ந்தன. அந்த எஸ்எம்எஸ் எண்ணிக்கையைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எங்கள் சோதனை இரவில் திணறிய அதே வழி, நாடு முழுக்க ஒரே நாளில் எத்தனை கோடி முறை திறக்க வேண்டியிருந்தது என்பதை அது காட்டியது.

ஆனால் என் வேலையை மாற்றியது வேறொரு சிறிய தளம். ஒரு விண்ணப்பத் தளம், அதன் பெயர் இங்கே வேண்டாம். எங்கள் தெருவில் மீன் விற்கும் அத்தை ஒருவர் அதில் விண்ணப்பிக்க வந்தார். ஆதார் எண்ணைப் போட்டேன். “ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க அத்தை” என்றேன்.

“போனு அவன்கிட்ட இருக்கே பாப்பா. தொழிலுக்குப் போயிருக்கான்.”

ஆதாரோடு இணைத்த எண் மகனுடையது. மகன் ஃபைபர் போட்டில் விடியற்காலையே போய்விட்டிருந்தான். கரைக்கு எதிரே வந்தால் சில நேரம் சிக்னல் கிடைக்கும். அத்தை கீழே போய் வேறொருவர் போனிலிருந்து மகனைக் கூப்பிட்டார். கிடைக்கவில்லை. மறுபடி மேலே வந்தார். அதற்குள் பக்கம் காலாவதியாகிவிட்டது. மறுபடி ஆதார் எண், மறுபடி ஓடிபி. மதியம் படகு கரையேறியதும் மகன் பாலிதீன் பைக்குள் சுருட்டி வைத்திருந்த போனை எடுத்து நீட்டினான். ஓடிபிகள் வரிசையாக வந்து கிடந்தன. எதுவும் செல்லாது. அத்தை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே, “இது எல்லாம் வீணாப் போச்சா?” என்று கேட்டார்.

நான் எழுதிய எல்லாத் திட்டங்களிலும் திங்க் டைம் என்று ஒரு கட்டம் உண்டு. ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் நடுவில் மனிதர் எடுத்துக்கொள்ளும் நேரம். அதில் ஐந்து நொடி, பத்து நொடி என்றுதான் எல்லாரும் போடுவோம். அந்த எண், கையில் சொந்தப் போனும் மேசையில் வைஃபையும் உள்ளவர்களைப் பார்த்து வந்த எண். அத்தையின் திங்க் டைம் ஒரு படகு கரைக்கு வரும் நேரம். சர்வரின் பதிவேடான லாகில் அவர் ஒருவர் பல கோரிக்கைகளாகத் தெரிவார், ஒன்றுகூட முடிந்திருக்காது. லாகைப் பார்த்துத் திட்டம் போடுபவர் அவரை ஆர்வமாகத் திரும்பத் திரும்ப வரும் பயனாளர் என்று எண்ணிவிடவும் கூடும். அவருக்காக அனுப்பிய ஒவ்வொரு ஓடிபியும் வேறு யாருக்கோ போக வேண்டிய ஓடிபியின் முன்னால் நின்றது. பக்கத்தின், ஓடிபியின் காலாவதி நேரத்தை நீட்டியிருந்தால் அவருடைய வேலை முடிந்திருக்கும். சர்வருக்கும் சுமை குறைந்திருக்கும்.

அதன்பிறகு நான் ஊரைக் கவனித்துப் பார்க்கத் தொடங்கினேன். ஐஸும் உப்பும் பட்டுத் தேய்ந்த விரல்களை எந்தக் கைரேகைக் கருவியிலும் ஒன்றுக்கு இரண்டு மூன்று முறை வைக்க வேண்டியிருக்கும். அப்படியென்றால் கைரேகைச் சரிபார்ப்புக்குப் போகும் சுமை ஆட்களின் எண்ணிக்கை அல்ல, அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. ஒரு குடும்பத்தில் ஒரே ஸ்மார்ட்போன் என்றால் நாலு பேரின் வேலையும் இரவு எட்டு மணிக்கு மேல்தான் நடக்கும். சிக்னல் பலவீனமான இடத்தில் ஒரு பக்கம் இறங்க அரை நிமிடம் ஆனால், அந்த அரை நிமிடமும் சர்வரில் ஒரு இணைப்பு பிடிபட்டே இருக்கும். இவையெல்லாம் திட்டத்தில் எண்களாக ஏற வேண்டிய விஷயங்கள். ஏற்றினேன். அலுவலகத்தில், “இவ்வளவு மோசமான நிலைமையை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்?” என்று கேட்டார்கள். எங்கள் தெருவில் இது சாதாரண நிலைமை என்று சொன்னேன்.

எங்கள் தொழிலில் ரெஸ்பான்ஸ் டைமைச் சராசரியாகச் சொல்லக் கூடாது என்பார்கள். நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு ஒரு நொடியும் பத்துப் பேருக்கு ஒரு நிமிடமும் ஆனால், சராசரி ஏழு நொடிக்குள் அடங்கிவிடும். ஏழு நொடி காத்திருந்தவர் அந்த நூறு பேரில் ஒருவர்கூட இல்லை. அதனால் 95 சதவீதம் பேருக்கு இத்தனை நொடிக்குள், 99 சதவீதம் பேருக்கு இத்தனை நொடிக்குள் என்று எழுதுவோம். தனியார் கடைத் தளத்துக்கு அது போதும். மக்கள் நலத் தளத்துக்கு, மீதி ஒரு சதவீதம் யார் என்றும் எழுத வேண்டும். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியபோது 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றார்கள். அந்த அளவில் ஒரு சதவீதம் என்றால் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள். பெரும்பாலும் மோசமான சிக்னலும் பழைய போனும் இன்னொருவர் எண்ணும் உள்ளவர்கள்தான் அந்தக் கடைசி ஒரு சதவீதத்தில் போய் நிற்கிறார்கள். விட்டுப்போனால் வேறு வழி இல்லாதவர்களும் அவர்களே.

அந்த உரிமைத் தொகைத் திட்டத்தில் நான் மனதாரப் பாராட்டும் ஒன்றும் இருந்தது. விண்ணப்பங்களை ஒரே நாளில் ஒரே வாசலில் வாங்கவில்லை. இரண்டு கட்டமாக முகாம்கள் வைத்து, ரேஷன் கடை வாரியாக, எந்த நாள் எந்த நேரம் வர வேண்டும் என்று எழுதிய டோக்கனை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் அப்படி வாங்கப்பட்டன. ரயில்வேயும் 2015-ல் தட்கல் முன்பதிவை ஏசிக்குக் காலை 10 மணி, மற்ற வகுப்புகளுக்கு 11 மணி என்று பிரித்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்ற திறனை 7,200 ஆக உயர்த்தியிருந்தார்கள். சர்வரைப் பெருக்கிய பிறகும் கூட்டத்தைப் பிரிக்க வேண்டியிருந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணை மாணவர் பதிவுசெய்த போனுக்கே எஸ்எம்எஸ்ஸாக அனுப்புவதும் இதே வகை. தளத்துக்கு வர வேண்டியவர்களில் ஒரு பகுதியை வர வேண்டாமல் செய்கிறது. சோதனைத் திட்டம் நன்றாகப் போடப்பட்டால், இன்னும் எத்தனை சர்வர் வேண்டும் என்பதோடு, எல்லாரையும் ஏன் ஒரே நிமிடத்தில் வரச் சொல்கிறோம் என்ற கேள்வியையும் அது எழுப்பும். பல நேரம் அந்தக் கேள்விதான் மலிவான தீர்வு.

இன்று அரசுத் தளம் ஒன்றைப் பொதுப் பயன்பாட்டுக்கு ஏற்றுவதற்கு முன் பாதுகாப்புத் தணிக்கைச் சான்று கேட்கிறார்கள். மிக நல்ல நடைமுறை. அதே கண்டிப்பு சுமைச் சோதனைக்கும் வேண்டும் என்று இத்தனை ஆண்டு அனுபவத்தில் உறுதியாக நம்புகிறேன். பெரிய அறிக்கை தேவையில்லை. நாலு வரி போதும். எந்த நிமிடத்தில் எத்தனை பேர் என்று கணக்கிட்டோம், அந்த எண் எங்கிருந்து வந்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசி ஓடிபி வரை முழு வழியையும் சேர்த்துச் சோதித்தோமா. எந்த விலைப் போனில், எந்தச் சிக்னலில் சோதித்தோம். சொந்தமாகப் போன் இல்லாதவருக்குப் பக்கம் எவ்வளவு நேரம் திறந்திருக்கும்.

விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு இவற்றைக் கேட்கும் உரிமை இருக்கிறது. தளம் திறக்கும் தேதியை அறிவிக்கும் செய்திக் குறிப்பிலேயே இந்த நாலு வரியையும் சேர்த்து வெளியிடலாம். அதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது. எழுத வேண்டும் என்று ஆனாலே, சோதித்தாக வேண்டும் என்று ஆகிவிடும்.